வாசகரைத் தொல்லை செய்யாமல் மின்னஞ்சல் கேட்பது எப்படி? அஃபிலியேட் தளம் தொடங்குகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

துணிக்கடையில் பில் போடும் இடத்தில் "போன் நம்பர் சொல்லுங்க" என்பார்கள். கையில் பை, பக்கத்தில் அழுகிற குழந்தை, பின்னால் நாலு பேர் வரிசை. எதற்கு நம்பர் என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்கும் வாய் வராது. சொல்லிவிட்டு வருவோம். அடுத்த வாரத்திலிருந்து தள்ளுபடிச் செய்திகள் வரிசையாக வரும். இந்த வழக்கம் எந்த அளவுக்கு முற்றியது என்றால், நம்பர் கொடுத்தால்தான் பில் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைக்காரர்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது.

இணையத்தில் இதே காரியத்தைச் செய்வதுதான் பாப்-அப். ஒரு பக்கத்தைத் திறந்து இரண்டு வரி படிப்பதற்குள் ஒரு பெட்டி வந்து திரையை மூடி, "உங்கள் மின்னஞ்சலைத் தாருங்கள்" என்று நிற்கிறது. அஃபிலியேட் தளம் நடத்துகிறவருக்கு வாசகரின் மின்னஞ்சல் தேவைதான், அதில் தவறு ஒன்றும் இல்லை. கேட்கிற நேரமும் கேட்கிற முறையும்தான் ஆளை விரட்டுகின்றன.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்றால், ஒரு பொருளைப் பற்றி நீங்கள் எழுதி, அதை விற்கும் கடைக்கு ஒரு லிங்க் வைக்கிறீர்கள். வாசகர் அந்த லிங்க் வழியாகப் போய் வாங்கினால் கடை உங்களுக்கு ஒரு சிறிய கமிஷன் தருகிறது. அமேசான் இந்தத் திட்டத்தை 1996-இலேயே தொடங்கிவிட்டது. இன்று பல கடைகளிடம் இது இருக்கிறது. வாசகர் உங்கள் லிங்கைத் தொட்டதும் அவருடைய பிரவுசரில் குக்கீ என்ற ஒரு சின்னக் குறிப்பு பதியும். "இவர் இன்னார் தளத்திலிருந்து வந்தவர்" என்று கடைக்குச் சொல்வது அதுதான்.

அந்தக் குறிப்புக்கு ஆயுள் உண்டு. அமேசானில் அது பொதுவாக 24 மணி நேரம். வேறு சில திட்டங்களில் 30 நாள், 60 நாள்கூட உண்டு.

இந்த 24 மணி நேரம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். நீங்கள் கிரைண்டர் பற்றி எழுதும் தளம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, தமிழில் எழுத இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது கஷ்டம். சனிக்கிழமை இரவு ஒரு அக்கா உங்கள் பக்கத்துக்கு வருகிறார். பழைய கிரைண்டர் நின்றுவிட்டது, புதிது வாங்க வேண்டும். 2 லிட்டர் போதுமா, கவிழ்த்து ஊற்றுகிற மாதிரி வேண்டுமா, கல் இரண்டா மூன்றா என்று படித்துப் பார்க்கிறார். லிங்கைத் தொட்டு விலையும் பார்க்கிறார். ஆனால் அன்றைக்கே வாங்கமாட்டார். மறுநாள் அம்மாவிடம் கேட்பார், வீட்டுக்காரரிடம் பேசுவார், போனஸ் வரட்டும் என்று நினைப்பார். மூன்று வாரம் கழித்து வாங்கும்போது உங்கள் தளத்தின் பெயர்கூட அவருக்கு நினைவில் இருக்காது. அவருக்குத் தெளிவு கொடுத்தது நீங்கள், ஆனால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

மின்னஞ்சல் தேவைப்படுவது இதற்காகத்தான். தேடுபொறி நாளைக்கே பக்கங்களை வரிசைப்படுத்தும் முறையை மாற்றலாம், சமூக ஊடகம் உங்கள் பதிவைப் பாதிப் பேருக்குக் காட்டாமல் விடலாம். மின்னஞ்சல் பட்டியல் அப்படி இல்லை. கடிதங்களை அனுப்பித் தரும் ஒரு சேவை பிடிக்கவில்லை என்றால் பட்டியலைத் தரவிறக்கி வேறு சேவைக்குக் கொண்டுபோகலாம்.

சரி, அந்த அக்காவிடம் எப்போது கேட்பது?

அவர் வந்திருப்பது ஒரு கேள்வியோடு. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் முன் நீங்கள் எதைக் கேட்டாலும் அது இடைஞ்சல்தான். வாசலில் நிற்கிறவரிடம் "உள்ளே வாங்க, உட்காருங்க" என்று சொல்லும் முன்னால் முகவரி எழுதித் தரச் சொல்வது போல. நீங்கள் யார், உங்கள் எழுத்தில் சரக்கு இருக்கிறதா என்று அவருக்கு இன்னும் தெரியாது. ஒரு பத்தியாவது படித்து, "இவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது" என்று மனதில் பட்ட பிறகுதான் மின்னஞ்சல் கொடுக்கலாமா என்ற எண்ணமே வரும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

பாப்-அப் விளம்பரத்துக்கு முதலில் நிரல் எழுதியவர்களில் ஒருவர் ஈதன் சுக்கர்மேன். 1990-களின் பிற்பகுதியில் பயனர்கள் தங்கள் சொந்தப் பக்கங்களை அமைத்துக்கொள்ளும் ட்ரைபாட் என்ற தளத்தில் வேலை பார்த்தபோது அதை எழுதினார். விளம்பரம் கொடுத்தவர்களுக்குத் தங்கள் பெயர் பயனர்களின் பக்கங்களோடு ஒட்டிக்கொண்டு நிற்பதில் சங்கடம் இருந்தது, அதனால் விளம்பரத்தைத் தனிச் சாளரமாகப் பிரித்தார்கள். 2014-இல் அவர் ஒரு கட்டுரையில் இதற்காக வெளிப்படையாக மன்னிப்பே கேட்டார். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தேடலிலிருந்து வருகிறவர் கைப்பேசியில் பக்கத்தைத் திறந்ததும் உள்ளடக்கத்தை மூடி மறைக்கும் பெட்டிகள் இருந்தால், அந்தப் பக்கம் தேடல் முடிவுகளில் பின்னுக்குப் போகலாம் என்று கூகுள் 2017 ஜனவரி 10 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆக, முகத்தில் அடிக்கிற பாப்-அப் வாசகரையும் இழக்க வைக்கும், வாசகர் வருகிற வழியையும் அடைக்கும்.

அப்படியானால் மின்னஞ்சல் கேட்கும் படிவத்தை எங்கே வைப்பது? நான் சொல்வது, கட்டுரைக்குள்ளேயே, ஒப்பீடு முடிகிற இடத்தில். "இந்த மூன்றில் சின்னக் குடும்பத்துக்கு இது, விசேஷ வீட்டுக்கு அது" என்று நீங்கள் சொல்லி முடித்ததும் வாசகர் இரண்டு வகையாகப் பிரிகிறார். ஒருவர் முடிவு செய்துவிட்டார். அவருக்கு வேண்டியது கடை லிங்க் மட்டும்தான். அவர் லிங்கைத் தொடும்போது குறுக்கே ஒரு பெட்டி வந்தால், கைக்கு வந்த கமிஷனை நீங்களே தட்டிவிடுகிறீர்கள். இன்னொருவருக்கு இன்னும் முடிவு வரவில்லை. படிவம் அவருக்கானது. அதனால் அதன் தலைப்பிலேயே அவரைக் கூப்பிடுங்கள்: "இன்னும் யோசிக்கிறீர்களா? கடைக்குப் போகும்போது பார்க்க வேண்டிய பட்டியலை அனுப்பி வைக்கிறேன்." வாங்கும் பொத்தானும் மின்னஞ்சல் படிவமும் ஒன்றோடொன்று போட்டி போடாமல் இருக்க இந்தப் பிரிப்பு போதும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதில்லை. எல்லாரிடமும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டுவிடுகிறார்கள்.

கட்டுரையின் அடியில் இன்னொரு படிவம் வைக்கலாம். அதுவரை படித்து வந்தவர் உங்களை மதிக்கிறவர். திரையின் அடியில் ஒரு மெல்லிய பட்டை வைப்பதிலும் தவறில்லை, ஒரு விரல் உயரத்துக்குள், மூடும் குறி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால். பெட்டியேதான் வேண்டும் என்றால், "பட்டியலை அனுப்புங்க" என்ற பொத்தானை வாசகரே தொட்ட பிறகு திறக்கும்படி வையுங்கள். அவர் கேட்டுத் திறந்த பெட்டி அவருக்குத் தொல்லையாகத் தெரியாது.

வெளியேறும்போது தோன்றும் பெட்டி என்று ஒன்று உண்டு. கணினியில் சுட்டி மேலே போவதைப் பார்த்து அது வரும். கைப்பேசியில் சுட்டி கிடையாது என்பதால் சிலர் 'பேக்' பொத்தானையே மடக்கி, திரும்பிப் போகிறவரை நிறுத்திவைக்கிறார்கள். இது கையைப் பிடித்து இழுக்கிற வேலை. கைப்பேசியில் இது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, மின்னஞ்சலுக்குப் பதிலாக என்ன தருகிறீர்கள்? "புதிய பதிவுகளைப் பெற" என்று எழுதினால் யாருக்கும் ஆசை வராது. அவருக்குப் புதிய பதிவுகள் வேண்டாம், நல்ல கிரைண்டர் வேண்டும். அந்த முடிவுக்கு அடுத்த படியாக உதவுகிற ஒன்றைக் கொடுங்கள். கிரைண்டர் பக்கத்தில் நான் இப்படி ஒரு பட்டியல் வைப்பேன்: மாவோடு பாத்திரத்தைத் தூக்கிக் கழுவ வீட்டில் யாரால் முடியும், கல்லைத் தனியாக எடுத்துக் கழுவ வருமா, ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, பெல்ட் தேய்ந்தால் உள்ளூரில் கிடைக்குமா, வாரன்டி மோட்டாருக்கு மட்டுமா முழுதுக்குமா, சமையல் மேடையில் மேலே எவ்வளவு இடம் வேண்டும், தேங்காய்த் துருவலும் சப்பாத்தி மாவு பிசையும் இணைப்பும் உண்மையில் தேவைப்படுமா. கடையில் நின்றுகொண்டு கைப்பேசியில் பார்க்க உதவும். இதே பட்டியலைக் குழந்தைகளின் சைக்கிள் பக்கத்தில் கொடுத்தால் யாருக்கும் பயனில்லை. பக்கத்துக்குப் பக்கம் தருவது மாற வேண்டும். உழைப்புதான். எல்லாப் பக்கத்துக்கும் செய்ய முடியாவிட்டால், வருகை அதிகமுள்ள இரண்டு பக்கங்களுக்கு மட்டும் செய்யுங்கள்.

பட்டியலைப் பிடிஎஃப் ஆக்க வேண்டாம் என்பது என் கருத்து. கைப்பேசியில் பிடிஎஃபைத் திறப்பதும் பெரிதாக்கிப் படிப்பதும் பலருக்குச் சிரமம். மின்னஞ்சலிலேயே எழுதி அனுப்பிவிடுங்கள்.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம், மின்னஞ்சலுக்கு. பெயர், ஊர், தொலைபேசி எதுவும் வேண்டாம். கட்டத்தின் வகையை நிரலில் மின்னஞ்சல் என்று குறித்தால், கைப்பேசியில் விசைப்பலகை திறக்கும்போதே அந்த 'அட்' குறி முன்னால் வந்து நிற்கும். எழுத்தளவை 16 பிக்சலுக்குக் கீழே வைத்தால் ஐபோனில் கட்டத்தைத் தொட்டதும் பக்கம் தானாகப் பெரிதாகி நகர்ந்துவிடும், தமிழ் எழுத்தில் இது இன்னும் எரிச்சல். பொத்தானில் "சப்ஸ்கிரைப்" என்று போடுவதைவிட "பட்டியலை அனுப்புங்க" என்று, என்ன கிடைக்கும் என்பதைப் போடுங்கள். அதன் கீழே இரண்டு வரி, கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில்: "மாதம் இரண்டு கடிதத்துக்கு மேல் வராது. சில கடிதங்களில் எனக்குக் கமிஷன் தரும் லிங்க் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் ஒரே தொடுதலில் விலகலாம்." இதை எழுதினால் ஆள் குறைவார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். எத்தனை கடிதம் வரும் என்று தெரியாததால்தான் பலரும் மின்னஞ்சலைத் தரத் தயங்குகிறார்கள்.

சேராமல் விலகுகிறவரைக் குத்திக் காட்டும் வாசகங்களைத் தளங்களில் பார்த்திருப்பீர்கள். "வேண்டாம், பணத்தை வீணாக்கவே எனக்கு விருப்பம்" என்று பொத்தானில் எழுதி வைப்பார்கள். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகளில், நுகர்வோரை ஏமாற்றும் வடிவமைப்புகள் என 13 வகைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. மறுப்பவரை வெட்கப்பட வைப்பது அதில் ஒன்று. இல்லாத அவசரத்தைக் காட்டுவது இன்னொன்று, "இன்னும் 5 நிமிடம்தான்" என்று ஓடி, பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி முதலிலிருந்து ஓடுகிற கடிகாரம் இந்த வகைதான். திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிப்பதும் பட்டியலில் உண்டு. அதனால் ஒருவர் பட்டையை மூடிவிட்டால் அதை நினைவில் வைத்து, சில வாரங்களுக்காவது மறுபடி காட்டாதபடி அமையுங்கள். ஏற்கெனவே சேர்ந்தவர் உங்கள் கடிதத்திலிருந்தே தளத்துக்கு வரும்போது "சேருங்கள்" என்று கேட்பது இன்னும் மோசம். பெரும்பாலான படிவக் கருவிகளில் இந்த இரண்டுக்கும் அமைப்பு இருக்கிறது, தேடிப் பார்த்து இயக்கிவிட வேண்டியதுதான்.

ஒருவர் மின்னஞ்சலைத் தட்டியதும் நேராக மின்னஞ்சல் பட்டியலில் சேர்க்காமல், "சேர்ந்தது நீங்கள்தானா? இதைத் தொடுங்கள்" என்று ஓர் உறுதிக் கடிதம் அனுப்பலாம். இதை டபுள் ஆப்ட்-இன் என்பார்கள். அந்தக் கடிதத்தைத் திறக்காமல் விடுகிறவர்களால் எண்ணிக்கை கொஞ்சம் குறையும். ஆனால் எழுத்துப் பிழையான முகவரிகள், இன்னொருவர் முகவரியை விளையாட்டாகக் கொடுத்தவை, தானியங்கி நிரல்கள் போட்ட குப்பை எல்லாம் இங்கேயே நின்றுவிடும். நான் இதை வைத்துக்கொள்ளவே சொல்வேன். நூறு பேர் குறைந்தாலும், இருப்பவர்கள் தாங்களே விரும்பிச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. சம்மதம் தானாக, தெளிவாக, எதற்கென்று தெரிந்து தரப்பட்டதாக இருக்க வேண்டும், கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது அது. முன்கூட்டியே டிக் போட்டுவைத்த பெட்டி இதற்கு ஒத்துவராது. நமக்குப் பிடித்த ஒரு விஷயமும் அதில் இருக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வாசகருக்கு வாய்ப்புத் தர வேண்டும், தமிழ் அந்த 22-இல் ஒன்று. தமிழில் எழுதும் தளத்துக்கு இலங்கையிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வாசகர்கள் வருவார்கள். இலங்கையில் 2022-இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு விதி என்று ஒவ்வோர் இடத்திலும் சட்டம் உண்டு. படிவத்தின் கீழ் நான் சொன்ன இரண்டு வரிகளோடு தனியுரிமைப் பக்கத்துக்கு ஒரு லிங்கும் வைத்துவிடுங்கள். யாராவது தன் தகவலை அழிக்கச் சொல்லிக் கேட்டால் உடனே அழித்துவிடுங்கள்.

இனி, கடிதம் அனுப்புகிற பக்கம். மின்னஞ்சலைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் பாப்-அப் இல்லாமல் அழகாகச் சேர்த்துவிட்டு, வாரத்துக்கு நாலு விற்பனைக் கடிதம் அனுப்பினால் அதே தொல்லை வேறு கதவு வழியாகப் போகிறது, அவ்வளவுதான்.

முதல் கடிதம் உடனே போக வேண்டும், சொன்ன பட்டியல் அதில் இருக்க வேண்டும். முன்னால் உங்கள் வாழ்க்கைக் கதை வேண்டாம். மூன்று நான்கு நாள் கழித்து இரண்டாவது. அதில் எதையும் விற்காதீர்கள். புதுக் கிரைண்டர் வாங்கினால் முதல் நாள் என்ன செய்வது என்று எழுதலாம்: கொஞ்சம் அரிசியும் தண்ணீரும் போட்டு ஓடவிட்டு, கல்தூள் கலந்து சாம்பல் நிறமாக வருகிற அந்த மாவைக் கொட்டிவிட வேண்டும், வெள்ளையாக வரும்வரை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும் என்பது முதன்முதலாக வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. இதைப் படிக்கிற அக்காவுக்கு, வாங்கும்போது உங்களை நினைக்க ஒரு காரணம் கிடைக்கிறது. மூன்றாவது கடிதத்தில்தான் "இப்போதைக்கு என் தேர்வு இவை" என்று லிங்கோடு எழுதலாம். அந்தக் கடிதத்திலும் கமிஷன் வரும் என்பதைச் சொல்லிவிடுங்கள். விலையை எண்ணாக எழுதாதீர்கள், அவர் கடிதத்தைத் திறக்கிற நாளில் அது மாறியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா அஃபிலியேட் திட்டங்களும் தங்கள் லிங்கை மின்னஞ்சலுக்குள் நேரடியாக வைக்க விடுவதில்லை. தெரியாமல் வைத்துக் கணக்கே முடக்கப்பட்டவர்கள் உண்டு. சேரும்போது ஒப்பந்தத்தில் மின்னஞ்சல் பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள். அனுமதி இல்லை என்றால் கடிதத்தில் உங்கள் தளத்தின் பக்கத்துக்கு லிங்க் கொடுத்து, கடை லிங்கை அந்தப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

விலகும் லிங்கைச் சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில் ஒளித்து வைப்பது பெரிய தவறு. விலக வழி தெரியாதவர் ஸ்பேம், அதாவது வேண்டாத குப்பைக் கடிதம், என்ற பொத்தானை அழுத்துவார், அது உங்களுக்கு அதைவிட எத்தனையோ மடங்கு நஷ்டம். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கியிருக்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புகிறவர், ஒரே தொடுதலில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் கோபப்பட்டால் போதும், உங்கள் கடிதம் மற்ற 997 பேருக்கும் போய்ச் சேராத நிலை வரலாம். நீங்கள் இருநூறு பேருக்கு அனுப்புகிறவராக இருந்தாலும் இந்தப் பழக்கம் இப்போதே இருக்கட்டும். அப்புறம், சொந்த டொமைன், அதாவது உங்கள் தளத்தின் பெயரில் உள்ள முகவரியிலிருந்து அனுப்புங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளை மின்னஞ்சல் சேவை சொல்கிறபடி டொமைனில் சேர்த்துவிட வேண்டும். கடிதம் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்பதற்கு அவை அடையாளச் சீட்டு மாதிரி. அரை மணி நேர வேலை.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை ரொம்ப நம்பாதீர்கள். ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த தனியுரிமை வசதிக்குப் பிறகு, யாரும் படிக்காத கடிதம்கூடத் திறந்ததாகக் கணக்கில் வருகிறது. எத்தனை பேர் லிங்கைத் தொட்டார்கள், எத்தனை பேர் விலகினார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று பாருங்கள். பதில்களுக்குத்தான் நான் அதிக மதிப்புத் தருவேன். "எங்க வீட்டில் ஆறு பேர், 2 லிட்டர் போதுமா?" என்று ஒருவர் கேட்டால், அதே சந்தேகம் இன்னும் பலருக்கு இருக்கிறது என்று அர்த்தம். அவருக்குப் பதில் எழுதிவிட்டு, கட்டுரையிலும் அதைச் சேர்த்துவிடுங்கள்.

எல்லாம் அமைத்த பிறகு, உங்கள் கணினியில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வீட்டில் அம்மாவிடமோ சித்தியிடமோ இருக்கிற பழைய கைப்பேசியை வாங்கி, வைஃபையை அணைத்து, உங்கள் பக்கத்தைத் தேடித் திறக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், எதையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. "எந்தக் கிரைண்டர் நல்லதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். எந்த இடத்தில் அவர் விரல் தயங்குகிறது, எதை மூடத் தேடுகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களை முதலில் சரிசெய்யுங்கள்.